இமைமேல் சிவப்புக் கட்டி: வாசகர் கேள்விகளும் கண் டாக்டரின் பதில்களும்

போன இதழில் பச்சைக் குழந்தைகளின் கண்ணில் பீளை தள்ளுவதைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு முக்கூடலிலிருந்து ஒரு தாய் எழுதிய கடிதம் வேறு ஒரு விஷயத்தைக் கேட்டது. மற்றக் கடிதங்களைப் புரட்டினால் அதையொட்டியே இன்னும் நான்கு. அதனால் இந்த இதழின் பதில்கள் முழுக்க அதற்கே.

கேள்வி: டாக்டரம்மா, என் மகளுக்கு இப்போது மூன்று மாதம். பிறந்தபோது முகத்தில் ஒன்றும் இல்லை. பதினைந்தாம் நாள் குளிப்பாட்டும்போது வலது மேல் இமையில், மூக்கை ஒட்டின பக்கம், கொசு கடித்த மாதிரி ஒரு சிவப்புப் புள்ளி தெரிந்தது. இப்போது சுண்டைக்காய் அளவுக்கு வந்துவிட்டது. அழுதால் இன்னும் சிவந்து உப்புகிறது. "மாசமா இருக்கும்போது கிரகணத்தன்னைக்கு வெளியில நின்னல்லா, அதான்" என்கிறார்கள் எங்கள் ஆச்சி. "நம்ம வீட்டுலயே ஒரு பிள்ளைக்கு முதுகுல இருந்து தானா வத்திட்டு, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு அலையாத" என்கிறார்கள் மாமியார். ஆபரேஷன் வரைக்கும் போய்விடுமோ என்று பயந்து, மடியில் தட்டை வைத்தால் பீடி சுற்றவும் கை ஓடவில்லை.
— ஒரு தாய், முக்கூடல்

பதில்: மகளே, முதலில் கிரகணத்தை விட்டுவிடுவோம். நீ நின்றதாலோ, நடந்ததாலோ, எதையோ சாப்பிட்டதாலோ இது வரவில்லை. அந்தப் பாரத்தை இன்றைக்கே இறக்கி வைத்துவிடு.

நீ எழுதியிருக்கிற விதத்தைப் பார்த்தால் இது ஹீமாஞ்சியோமா என்கிற ரத்தக்குழாய்க் கட்டியாகத்தான் இருக்க வேண்டும். பிறக்கும்போது இல்லாமல் முதல் சில வாரங்களில் தலைகாட்டுவதும், அழும்போது சிவந்து உப்புவதும் அதன் குணம். ரத்தக்குழாயின் உள்சுவர் செல்கள் கொஞ்ச காலத்துக்கு அளவு மீறிப் பெருகுகின்றன, அவ்வளவுதான். புற்றுநோய் இல்லை. வேறு இடத்துக்குப் பரவாது. நூறு குழந்தை பிறந்தால் நாலைந்து பேருக்கு உடம்பில் எங்காவது ஒன்று இருக்கும். பெண்பிள்ளைகளுக்கு அதிகம். குறைமாதத்தில் பிறந்தவர்கள், எடை குறைந்தவர்கள், இரட்டைப் பிள்ளைகளுக்கும் அதிகம்.

உன் மாமியார் சொன்னதில் பொய் இல்லை. இந்தக் கட்டி இரண்டு மாதத்துக்குள் ஓட்டமாக வளரும், ஐந்து மாதத்துக்குள் பெரும்பாலான வளர்ச்சியை முடித்துவிடும், ஒரு வயதை ஒட்டி நின்று, நிறம் மங்கி, மெல்ல மெல்ல வற்றும். நாலு வயதுக்குள் அநேகமாக எல்லாம் சுருங்கிவிடும். முதுகில் இருந்தால் நானும் "சும்மா விடும்மா" என்றுதான் சொல்வேன்.

ஆனால் உன் பிள்ளைக்கு இருப்பது இமையில். பிறந்த குழந்தைக்குப் பார்வை முழுசாக வந்துவிடுவதில்லை. கண் அனுப்புகிற படத்தைப் படிக்க மூளை பழக வேண்டும். அந்தப் பழக்கம் முதல் மாதங்களிலும் முதல் சில வருஷங்களிலும்தான் ஊன்றுகிறது. கட்டி தொங்கிக் கண்மணியை மறைத்தால் அந்தக் கண்ணுக்குப் படமே போகாது. மறைக்காவிட்டாலும் ஆபத்து உண்டு, இதுதான் பலருக்குத் தெரிவதில்லை. ரப்பர் பந்தை ஒரு பக்கம் விரலால் அமுக்கிப் பார். வட்டம் போய்க் கோணிக்கொள்ளும். மேல் இமைக் கட்டி கருவிழியை அப்படித்தான் அமுக்குகிறது. கண் திறந்திருக்கும், படம் மட்டும் ஒரு பக்கம் இழுபட்டு மங்கலாக விழும். தெளிவான படம் அனுப்புகிற மற்றக் கண்ணையே மூளை நம்பிக்கொண்டு, மங்கின கண்ணைக் கைவிட்டுவிடும். சோம்பேறிக் கண் என்று நாங்கள் சொல்வது இதைத்தான். சிலருக்கு மாறுகண்ணும் சேர்ந்துகொள்ளும். கட்டி கண்குழிக்குள் பின்னால் இருந்தால் விழியையே முன்னால் தள்ளும்.

கட்டி நாலு வயதில் வற்றும்போது பார்வை திரும்பி வந்துவிடும் என்று சொல்ல முடியாது. நான் இதைப் புத்தகத்தில் மட்டும் படித்ததில்லை. தொழிலுக்கு வந்த புதிதில் களக்காட்டுப் பக்கத்திலிருந்து ஒரு தாய், வாழைத்தோட்டத்தில் கூலி வேலை செய்கிறவள், இதே போல மேல் இமையில் கட்டியோடு நாலு மாதப் பெண்குழந்தையைத் தூக்கி வந்தாள். கண்மணி மறையவில்லை. பார்த்துவிட்டு, "தானா வத்திரும்மா, பயப்படாதீங்க" என்று அனுப்பினேன். கருவிழி கோணியிருக்கிறதா என்று அளந்து பார்க்கவில்லை, மறுபடி எப்போது வர வேண்டும் என்றும் சொல்லவில்லை. ஐந்து வருஷம் கழித்துப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற நேரத்தில் அவளே வந்தாள். இமையில் ஒரு சுருக்கம் மட்டும் இருந்தது. நல்ல கண்ணை மூடிவிட்டு எழுத்துப் பலகையைக் காட்டினேன். உச்சியில் இருக்கிற பெரிய எழுத்தைத் தவிர அந்தப் பிள்ளைக்கு வேறொன்றும் தெரியவில்லை. தாய் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "நீங்க சொன்ன மாதிரியே கட்டி வத்திட்டுல்லா டாக்டர்" என்றாள். கண்ணாடி போட்டு, நல்ல கண்ணைக் கட்டிப் பழக்கி, கொஞ்சம் மீட்டோம். முழுசாக மீட்க முடியவில்லை. அந்தத் தப்பு என்னுடையது. அதனால்தான் உனக்கு இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

ஆகையால் இந்த வாரமே கண் டாக்டரிடம் காட்டு. பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் கண் பிரிவும் குழந்தைகள் பிரிவும் இருக்கின்றன. இந்த நோய்க்கு இரண்டு பேருமே வேண்டும். பரிசோதனையை நினைத்துப் பயப்படாதே. சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரிய வைப்பார்கள். பிறகு அறையை இருட்டாக்கி, உன் மடியில் பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே, ரெட்டினோஸ்கோப் என்கிற கைக்கருவியால் ஒரு கோடு வெளிச்சத்தைக் கண்ணுக்குள் விடுவார்கள். உள்ளே போய்ச் சிவப்பாகத் திரும்புகிற அந்த ஒளி எந்தப் பக்கம் அசைகிறது என்று பார்த்து, லென்ஸை மாற்றி மாற்றிப் பிடித்தால், கருவிழி கோணியிருக்கிறதா, எவ்வளவு என்று தெரிந்துவிடும். குழந்தை வாய் திறந்து சொல்ல வேண்டியது ஒன்றுமில்லை. இரண்டு கண்ணையும் அளந்தார்களா, வித்தியாசம் இருக்கிறதா என்று நீயும் கேட்டுக்கொள். கட்டி சின்னதாக இருந்தாலும் வளர்கிற மாதங்களில் இந்த அளவை அடிக்கடி எடுக்க வேண்டும். ஒரு சென்டிமீட்டருக்கு மேல் போன மேல் இமைக் கட்டி என்றால் இன்னும் கவனம்.

வீட்டில் உன்னால் ஆகிற காரியமும் உண்டு. ஞாயிறுதோறும், அதே ஜன்னல் வெளிச்சத்தில், அதே தூரத்தில் வைத்து ஒரு போட்டோ எடுத்து வை. தினமும் பார்க்கிற கண்ணுக்கு வளர்ச்சி பிடிபடாது, நாலு போட்டோவை வரிசையாக வைத்தால் தெரியும். பிள்ளை சிரித்து விளையாடுகிற நேரத்தில், உன் உள்ளங்கையால் கட்டி இல்லாத கண்ணை மறைத்துப் பார், அப்புறம் மற்றதை. நல்ல கண்ணை மறைக்கும்போது மட்டும் சிணுங்கிக் கையைத் தட்டிவிட்டால், மற்றக் கண்ணுக்குச் சரியாகத் தெரியவில்லை என்று அர்த்தம். அப்படியானால் வாரம் முடியட்டும் என்று இருக்காதே.

ஆபரேஷன் பற்றி: ரொம்ப அபூர்வமாகத்தான் இப்போது தேவைப்படுகிறது. பெரும்பாலும் மருந்திலேயே அடங்கிவிடும். அதைப் பற்றித்தான் அடுத்த கடிதம்.

கேள்வி: எங்கள் ஐந்து மாதப் பையனுக்குக் கண்ணுக்குக் கீழே இருக்கிற கட்டிக்கு ப்ராப்ரனோலால் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மருந்துக் கடைக்காரர் சீட்டைப் பார்த்துவிட்டு, "இது பிபி மாத்திரையாச்சே சார், பச்சப் பிள்ளைக்கா?" என்று கேட்டார். மனைவி மருந்தைத் தொடவே மாட்டேன் என்கிறாள். கொடுக்கலாமா?
— ஒரு தகப்பன், வள்ளியூர்

பதில்: கொடுக்கலாம், தம்பி. கடைக்காரர் கேட்டதிலும் தப்பில்லை. பெரியவர்களுக்கு ரத்தக்கொதிப்புக்கும் இதயத்துக்கும் கொடுத்துவந்த பழைய மருந்துதான் இது. விலையும் குறைவு. இந்தக் கட்டிக்கு இது கேட்கும் என்று தெரிந்ததே தற்செயலாகத்தான். பிரான்சில் போர்தோ நகரத்தில், மூக்கில் ரத்தக்குழாய்க் கட்டி இருந்த ஒரு குழந்தைக்கு அந்தக் காலத்து வழக்கப்படி ஸ்டீராய்டு கொடுத்திருக்கிறார்கள். அதில் இதயத் தசை தடித்துப்போய், இதயத்துக்காக ப்ராப்ரனோலால் ஆரம்பித்தார்கள். மறுநாளே கட்டியின் சிவப்பு மங்கி, தொட்டால் மெத்தென்று ஆகிவிட்டது. அங்கிருந்த டாக்டர் லெயோத்தே-லாப்ரேஸும் அவருடைய குழுவினரும் மேலும் சில குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்து 2008-ல் எழுதினார்கள். 2015-ல் 460 குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வு வெளியானது. ஆறு மாதம் முழு அளவு மருந்து எடுத்தவர்களில் 60 சதவீதம் பேருக்குக் கட்டி அடியோடோ அல்லது ஏறக்குறையவோ மறைந்தது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, மருந்தே கலக்காத போலி மருந்தைக் கொடுத்தவர்களில் அது 4 சதவீதம். ஸ்டீராய்டு கொடுத்துக் குழந்தைகளின் முகம் பூரி மாதிரி உப்பிப்போவதைப் பார்த்த காலத்து டாக்டர் நான். எனக்கு இந்த மருந்து வந்தது எவ்வளவு ஆறுதல் என்று சொல்லி முடியாது.

ஆனால் உங்கள் மனைவியின் பயத்தை அப்படியே தள்ளிவிடவும் மாட்டேன். இந்த மருந்தில் நான் மிகவும் கவனிக்கச் சொல்வது சர்க்கரை இறங்குவதை. வயிறு காலியாக இருக்கும்போது மருந்து உள்ளே போனால் ரத்தத்தில் சர்க்கரை சட்டென்று குறையலாம். அதனால் பால் கொடுக்கும்போதோ, கொடுத்து முடித்த உடனேயோதான் மருந்து. வாந்தி, வயிற்றுப்போக்கு, பால் குடிக்க மறுப்பது, மூச்சு இளைப்பு என்று ஏதாவது வந்தால் அந்த வேளை மருந்தை நிறுத்திவிட்டு டாக்டரைக் கேளுங்கள். ஒரு வேளை விட்டுப்போவதால் ஒன்றும் ஆகாது. கொடுத்த மருந்தைத் துப்பிவிட்டால் மறுபடி கொடுக்காதீர்கள், எவ்வளவு உள்ளே போனது என்று நமக்குத் தெரியாது. இரண்டு வேளைக்கும் நடுவில் ஒன்பது மணி நேரமாவது இருக்கட்டும். ஐந்து மாதப் பிள்ளையை இரவில் ஆறு முதல் எட்டு மணி நேரத்துக்கு மேல் பாலில்லாமல் தூங்க விடக்கூடாது. இன்னும் சின்னப் பிள்ளை என்றால் இடைவெளி இன்னும் குறைய வேண்டும்.

நம் ஊரில் இன்னொரு இக்கட்டு. திருச்செந்தூருக்கு மொட்டை போட்டுக் காது குத்தக் கிளம்புகிற நாளில், விடியற்காலை வேன் ஏறுவதிலும், அப்புறம் கோயில் வரிசையிலும் பால் நேரம் தவறிப்போகும். பாட்டிமார் கையில் மாறி மாறிப் போகிற பிள்ளை கடைசியாக எப்போது குடித்தது என்று ஒருவருக்கும் தெரியாது. அன்றைக்கு மருந்துக்கும் பாலுக்கும் ஒரே ஆள் பொறுப்பேற்றுக்கொள்ளுங்கள். பிள்ளை வேர்த்துக் குளிர்ந்து, துவண்டு, எழுப்பினாலும் சரியாக எழாமல் இருந்தால், விழுங்குகிற நினைவு இருந்தால் உடனே பால் புகட்டுங்கள். எப்படி இருந்தாலும் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். கை கால் ஜில்லென்று இருப்பது, தூக்கம் கலைவது எல்லாம் பலருக்கும் வருவதுதான். அதற்காக மருந்தை நிறுத்த வேண்டியதில்லை, டாக்டரிடம் சொன்னால் போதும்.

அளவை எடையைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். குறைவாக ஆரம்பித்து, நாடித்துடிப்பைப் பார்த்து ஏற்றுவார்கள். பிள்ளை எடை கூடக்கூட அளவும் மாறும். அதனால் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் சீட்டைப் பார்த்து உங்கள் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள். குறைந்தது ஆறு மாதம், பெரும்பாலும் ஒரு வயது தாண்டும் வரை கொடுக்க வேண்டியிருக்கும். கட்டி சுருங்கியதைப் பார்த்து நீங்களாகவே நிறுத்தினால் மறுபடி உப்பும்.

ஒன்று எழுத விட்டுப்போகக் கூடாது. முகத்தின் ஒரு பக்கத்தையே வளைத்துக்கொண்டு ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் பரந்திருக்கிற கட்டி என்றால், இந்த மருந்தை ஆரம்பிப்பதற்கு முன்னால் இதயத்துக்கு எக்கோவும் தலைக்கு எம்ஆர்ஐ ஸ்கேனும் பார்க்க வேண்டும். அந்த வகையில் சிலருக்கு மூளைக்குப் போகிற ரத்தக்குழாயிலும் இதயத்திலும் கோளாறு சேர்ந்து இருக்கும்.

கேள்வி: என் பேரனுக்கு இரண்டு மாதம், குறைமாதப் பிள்ளை. இமை ஓரத்தில் மிளகு அளவு சிவப்புக் கட்டி. இதற்கு டிமோலால் சொட்டு மருந்து போடுவார்கள் என்று கேள்விப்பட்டேன். தாத்தாவுக்குக் கண் அழுத்தத்துக்குக் கொடுத்த அதே மருந்து பீரோவில் இருக்கிறது. அதையே தடவலாமா? பக்கத்தில் ஒரு அம்மா சுண்ணாம்பு தடவினால் உதிர்ந்துவிடும் என்கிறார்கள்.
— ஒரு ஆச்சி, அம்பாசமுத்திரம்

பதில்: ஆச்சி, பீரோவைப் பூட்டியே வையுங்கள். நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான். மேலோட்டமாக, மெல்லிசாக இருக்கிற சின்னக் கட்டிகளுக்கு டிமோலால் 0.5 சதவீதச் சொட்டைத் தோலின் மேல் தடவச் சொல்வது உண்டு, நன்றாகவே கேட்கிறது. ஆனால் அதுவும் ப்ராப்ரனோலாலின் இனம்தான். தோல் வழியாக ரத்தத்தில் இறங்கும். இரண்டு மாதக் குறைமாதப் பிள்ளைக்கு இதயத் துடிப்பு குறையலாம், மூச்சு விட்டு விட்டு வரலாம். எத்தனை சொட்டு, எத்தனை வேளை என்பதை டாக்டர் பார்த்துச் சொல்லட்டும். எப்போதோ திறந்த பாட்டில் வேறு.

சுண்ணாம்பு வேண்டவே வேண்டாம். இமைத் தோல் வெற்றிலையைவிட மெல்லிசு. புண்ணாகும், தழும்பு விழுந்து இமை இழுத்துக்கொள்ளும், ஒரு துளி கண்ணுக்குள் போனால் கருவிழியே வெந்துபோகும். முடியை வைத்துக் கட்டுவது, மை அப்புவது எதுவும் கூடாது. கட்டி கீறிப்போய் ரத்தம் வந்தால், சுத்தமான துணியால் கட்டியை மட்டும், விழியை அமுக்காமல், பத்து நிமிஷம் எடுக்காமல் பிடித்துக்கொள்ளுங்கள். அநேகமாக நின்றுவிடும். நிற்காவிட்டால் ஆஸ்பத்திரி.

கேள்வி: என் குழந்தைக்குப் பிறக்கும்போதே வலது நெற்றியிலிருந்து இமை வரை திராட்சை ரசம் கொட்டின மாதிரி தட்டையான சிவப்பு. ஒரு வயதாகியும் மங்கவில்லை. இதுவும் வற்றிவிடுமா?
— சங்கரன்கோவில் வாசகி

பதில்: இது வேறு. பிறக்கும்போதே இருந்து, தட்டையாக, பிள்ளையோடு கூடவே வளர்கிற இந்த மச்சம் தானாகப் போகாது. நிறத்துக்கு லேசர் சிகிச்சை இருக்கிறது. அதைவிட முக்கியம், மேல் இமையில் இது இருக்கிறவர்களுக்கு அந்தப் பக்கத்துக் கண்ணில் அழுத்தம் கூட வாய்ப்பு அதிகம். ஒரு கண் மட்டும் பெரிதாகத் தெரிவது, நீர் வடிவது, வெளிச்சத்தைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வது எதுவானாலும் உடனே காட்டுங்கள். ஒன்றும் இல்லாவிட்டாலும் கண் அழுத்தத்தை அளந்துகொண்டே இருக்க வேண்டும். நெற்றியும் சேர்ந்து இருப்பதால் வலிப்பு வருகிற வாய்ப்பைப் பற்றியும் குழந்தை டாக்டரிடம் கேளுங்கள். சில குழந்தைகளுக்கு இரண்டு இமையிலும் வெளிறின ரோஜா நிறத்தில் பிறக்கும்போதே ஒரு சாயல் இருக்கும், அது ஓரிரு வருஷத்தில் மங்கிவிடும். உங்கள் பிள்ளைக்கு அது இல்லை.

போட்டோ எடுக்கும்போது கண்மணி வெள்ளையாக மின்னினால் அது இந்தக் கட்டிகளோடு சேர்ந்த விஷயமே இல்லை. மறுநாளே கண் டாக்டரைப் பாருங்கள்.

கேள்வி: மகளுக்கு நாலரை வயது. சின்னதில் இமையில் இருந்த கட்டி மருந்தில் சுருங்கிவிட்டது. இடது கண்ணில் பார்வை குறைவு என்று கண்ணாடி போட்டு, நல்ல கண்ணைத் தினமும் இரண்டு மணி நேரம் மறைத்து ஒட்டச் சொன்னார்கள். ஒட்டின ஐந்தாவது நிமிஷம் பிய்த்து எறிகிறாள். அழுகிறாள். பாவமாக இருக்கிறது, விட்டுவிடலாமா?
— திசையன்விளை வாசகி

பதில்: விடாதீர்கள், அம்மா. நாலரை வயது நல்ல வயது. ஏழு வயது வரை கண் நன்றாகவே பிடித்துக்கொள்ளும். அதற்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கடினம். அவள் அடம் பிடிக்கவில்லை. தெரிகிற கண்ணை மூடிவிட்டு மங்கலான கண்ணோடு நடமாடச் சொன்னால் யாருக்கும் பயம் வரும். முதல் வாரம் அரை மணி நேரத்தில் ஆரம்பியுங்கள், டாக்டரிடமும் சொல்லிவிடுங்கள். அப்புறம் கூட்டுங்கள். தெருவில் ஓடுகிற நேரத்தில் வேண்டாம், விழுந்துவிடுவாள். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற நேரமாகப் பாருங்கள். கண்ணுக்கு வேலை இருக்க வேண்டும். பல்லாங்குழியில் புளியங்கொட்டை எண்ணிப் போடுவது, புள்ளி வைத்துக் கோலம் இழுப்பது, அரிசியில் கல் பொறுக்குவது எல்லாம் இதற்கு ஏற்றவை. என்னிடம் வந்த ஒரு பிள்ளை, ஆச்சி பூக்கட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து பிச்சிப் பூவை இரண்டு இரண்டாக எடுத்துக் கொடுக்கிற வேலையை ஏற்றுக்கொண்டது. பிளாஸ்திரி ஒட்டினால்தான் பூ எடுத்துக் கொடுக்கலாம் என்று ஆச்சி சொல்லிவிட்டார்கள். இரண்டு மணி நேரம் போனதே தெரியாது.

பிளாஸ்திரியை நேரே தோலில் ஒட்டுங்கள். கண்ணாடியின் மேல் ஒட்டினால் ஓரத்து இடைவெளியில் எட்டிப் பார்த்துவிடுவாள். ஒட்டும் இடம் சிவந்தால் கழற்றின பிறகு கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவி, மறுநாள் துடைத்துவிட்டு ஒட்டுங்கள். கண்ணாடியை மற்ற நேரமும் போட்டே இருக்க வேண்டும், பிளாஸ்திரி நேரத்துக்கு மட்டும் இல்லை. அடுத்த முறை டாக்டரிடம் போகும்போதும் கண்ணாடியோடேயே கூட்டிப் போங்கள். அதைப் போட்டுத்தான் இடது கண் எத்தனை வரி ஏறியிருக்கிறது என்று அளப்பார்கள்.